மூன்றாவது பல்லில் சந்தனம்

மூவாயிரத்து நூற்று இருபது ரூபாய். என் வீட்டுக்காரி அஞ்சலாட்சி இருசப்பனுக்குக் கொடுக்க வேண்டியிருந்த பணம் அது. அவள் சொல்லி எனக்குத் தெரியவரவில்லை. பொங்கலுக்கு ஆறு நாள் இருக்கும்போது, அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், அடுப்பு மேடையில் கிடந்த அவள் போன் ஒரு சத்தம் போட்டு விழித்தது. எட்டிப் பார்த்தேன்.

"அஞ்சல, நாளையோட 3120 ஆவுது. அவசரம் இல்ல. அவருக்குத் தெரிய வேணாம்."

மேலே, என்னோடு வேலை செய்கிற இருசப்பன் பேர்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி என்றால் அது எனக்கு வெறும் பூச்சி ஊர்ந்த தடம். சைட் கேட்டில் ஓடுகிற அறிவிப்பைப் படிக்கத் தெரியாமல் ஒரு நாள் கூலி போய்விட்டது. அந்த ரோஷத்தில் நாற்பத்தாறு வயசில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவன் நான். கற்றுக்கொண்டது தப்போ என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தோன்றியது.

"அவர்" என்றால் நான். அவளை அஞ்சலை என்று அவள் அம்மா ஒருத்திதான் கூப்பிடுவாள். நான்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். போனை எடுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"யாரு?" என்றேன்.

"போன் கம்பெனிக்காரன். காசு போடச் சொல்றான்."

நான் சரி என்றேன்.

நாங்கள் சீலிங் வேலைக்காரர்கள். சிறுசேரிக்குத் தெற்கே ஐம்பத்திரண்டு மாடியாக எழும்புகிற ஒரு கட்டடத்தில் கூரைக்குக் கீழே ஜிப்சம் பலகை அடிக்கிறோம். பலகைக்கு இத்தனை என்று கூலி. இருசப்பனும் நானும் திருக்கோவிலூர்ப் பக்கம், அடுத்தடுத்த ஊர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே பஸ்ஸில் ஏறி வந்தவர்கள். அப்போதெல்லாம் எந்த மிஷினாக இருந்தாலும் சுவரில் சொருகினால் ஓடும். கரண்ட்டுக்கு நம் முகம் தெரியாது.

இப்போது அப்படி இல்லை. இந்த சைட்டில் சேர்ந்த முதல் நாள், ஸ்டோர் பார்க்கிற அமலதாஸ் எங்களை அடித்தளத்தில் இருக்கிற சார்ஜர் அறைக்குக் கூட்டிப் போய், ஒரு பேட்டரியைக் கவிழ்த்துக் காட்டினார்.

"பாருங்கண்ணே, மூணு பல்லு. முதல் ரெண்டு கரண்ட் ஓடறதுக்கு. மூணாவது பேசறதுக்கு."

"யாருகிட்ட பேச?" என்றேன்.

"சார்ஜர்கிட்ட. பகல்ல எத்தனை ஸ்க்ரூ அடிச்சீங்க, எத்தனை வழுக்கிச்சு, கை எவ்வளவு நடுங்குச்சு, எப்பெப்ப உக்காந்தீங்க, எல்லாத்தையும் சாயந்திரம் அதுகிட்ட ஒப்பிச்சிடும். கேட்டுட்டு நாளைக்கு உங்களுக்கு எத்தனை விளக்குன்னு அது முடிவு பண்ணும். நல்ல கைக்கு அஞ்சு விளக்கு. சுமாரான கைக்கு மூணு."

"மிஷினு வாடகை குடுக்கறது நாங்க. முடிவு பண்றது அதுவா?" இது இருசப்பன் கேட்டது.

"சைட்டுக்குக் கரண்ட்டே அளந்துதான் வருது. வீணாக்கற கைக்கு எதுக்குக் குடுக்கணும்னு கம்பெனி கேக்குது."

"வேற சார்ஜர்ல போட்டா?"

"ஏறாது. மூணாவது பல்லு கேக்கற கேள்விக்கு இந்தப் பொட்டிக்குத்தான் பதில் தெரியும்."

பேட்டரி முதுகில் சின்னதாய் ஐந்து பச்சை விளக்கு. ஐந்தும் எரிந்தால் சாயந்திரம் ஆறு வரைக்கும் வேலை. மூன்று என்றால் ரெண்டு மணியோடு சரி. ரெண்டு என்றால் பதினோரு மணிக்கு மிஷின் ஊமையாகிவிடும். அதற்கப்புறம் நாள் முழுக்க மூட்டை மேல் உட்கார்ந்து அடுத்தவன் அடிக்கிற சத்தத்தைக் கேட்கலாம், கூலி கிடையாது. கை ஓயும்போது கரண்ட் குறையும். கரண்ட் குறைந்தால் சாப்பாடு குறையும். சாப்பாடு குறைந்த கை இன்னும் நடுங்கும். இதை அந்தப் பெட்டிக்கு யார் சொல்வது?

ஒரு வருஷத்தில் எங்கள் பேரெல்லாம் மாறிப்போனது. என்னை 'அஞ்சு' என்பார்கள். பட்டி என்கிற வெள்ளைப் பூச்சைக் கலக்குகிற மிஷின் ஓட்டுகிற பச்சையப்பன் 'மூணு'. பலகை விழுந்து கட்டைவிரல் நசுங்கினதிலிருந்து இருசப்பன் 'ரெண்டு'. அந்தப் பேரை அவனுக்கு வைத்ததே நான்தான். பண்ருட்டியில் பெண் கேட்டுப் போன ஒரு பையனிடம் எத்தனை விளக்கு என்று முதலில் கேட்டார்களாம். நாங்கள் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தவன் நான். சிரிக்க எனக்கு வசதி இருந்தது.

ஒரே ஒரு தடவை எனக்கு நான்கு வந்தது. போன புரட்டாசியில். பேட்டரியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு பட்டி கலக்குகிற வாளியை எட்டி உதைத்தேன். அஞ்சலாட்சி புடவையெல்லாம் வெள்ளை. அன்றைக்குப் பூரா யாரோடும் பேசவில்லை. கொஞ்ச நாளில் பழையபடி ஐந்து வந்தது. பெட்டிக்கே புத்தி வந்துவிட்டது என்று பச்சையப்பனிடம் பீற்றிக்கொண்டேன்.

ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பேட்டரியைச் சார்ஜர் அறைக்கு எடுத்துப் போவது எங்களில் பெண்களின் வேலை. ஆண்கள் கை கால் கழுவுகிற நேரத்தில் அவரவர் வீட்டுக்காரி கூடையில் அள்ளிக்கொண்டு கீழே போவாள். காலையில் திரும்ப எடுத்து வருவதும் அவள்தான். யாரும் சொல்லி வைத்ததில்லை. தண்ணீர்க்குடம் மாதிரி அதுவும் அவர்கள் இடுப்புக்குப் போய்விட்டது. சைட்டில் சேர்ந்த நாளுக்கப்புறம் அந்த அறைக்குள் நான் போனதே இல்லை.

போன ஆயுத பூஜைக்கு ஒரு கூத்து நடந்தது. மேஸ்திரி வாழைக்கன்று கட்டி, மிஷினையெல்லாம் வரிசையாக வைத்தார். பெண்கள் எல்லா பேட்டரிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பொட்டு எங்கே வைப்பது? உலோகம் தெரிகிற இடத்தில்தானே வைப்பார்கள். பல் மேலேயே வைத்துவிட்டார்கள். மறுநாள் ஒன்றுகூட ஏறவில்லை. சார்ஜர் முழுக்கச் சிவப்பு. அமலதாஸ் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷை வைத்துச் சுரண்டி, அரை நாள் போச்சு. சந்தனம் காய்ந்தால் சிமென்ட் மாதிரி.

அந்த வாரத்திலிருந்துதான் இருசப்பன் சாயந்திரம் ஆறு வரைக்கும் வேலை செய்ய ஆரம்பித்தான்.

முதலில் நான் கண்டுகொள்ளவில்லை. பிறகு பலகையை எண்ணினேன். நான் பதினெட்டு அடித்தால் அவன் பத்தொன்பது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருபது அடித்தால் அவன் இருபத்தொன்று. நசுங்கின கட்டைவிரலை மடக்கிக்கொண்டு ஆள்காட்டி விரலால் விசையை அமுக்குவான், ஸ்க்ரூ தலை பலகையில் பதியும், காகிதம் கிழியாது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் விசில் அடிப்பான்.

டீக்கடையில் பச்சையப்பன் விடமாட்டான். "என்னா அஞ்சு, ரெண்டு உன்னைத் தாண்டிப் போவுதாமே. கணக்கு இடிக்குதே."

"அவன் யார் காலையோ புடிச்சிருக்கான்."

"சார்ஜருக்குக் கால் இருக்கா?" என்றான் இருசப்பன், டீயை ஆற்றிக்கொண்டே. "நான் பார்த்ததில்லப்பா. கலிவரதன் பார்த்திருப்பாரு. அவருக்குத்தான் அது சொந்தம்."

கலிவரதன் என்பது நான். எல்லோரும் சிரித்தார்கள். டீ கொடுத்துக்கொண்டிருந்த பெண்களோடு நின்ற அஞ்சலாட்சியும் சிரித்தாள். நான் அதைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

போனில் அந்த எழுத்தைப் படித்ததும் எல்லாம் ஒரே இடத்தில் வந்து கூடியது. எதற்கு அவனுக்கு இவள் காசு தர வேண்டும்? நான் கொண்டு வருகிற கூலியை எண்ணி வாங்குகிறவள். பிள்ளை பாலிடெக்னிக்குக்குப் பணம் கட்டியாயிற்று. உடம்புக்கு ஒன்றுமில்லை. சாயந்திரம் கூடையோடு போனால் முன்பெல்லாம் கால் மணியில் வந்துவிடுவாள். இப்போது ரெண்டு மணி நேரம் ஆகிறது. கேட்டால் கீழே வரிசை என்பாள். வரிசைதானா என்று சந்தேகப்பட எனக்கு ஏன் தோன்றவே இல்லை?

மறுநாள் சாயந்திரம் ஏழு மணிக்கு அவள் பின்னாலேயே போனேன்.

அவள் அடித்தளத்துக்குப் போகவில்லை. கேட்டைத் தாண்டி, சாலையோரத்தில் ஈ-ஆட்டோக்களுக்குக் கரண்ட் ஏற்றுகிற தகரக் கொட்டகைக்குப் போனாள். கொட்டகையின் பின்பக்கத் தகரம் விலகியிருந்த இடுக்கில் கண்ணை வைத்தேன்.

இருசப்பன் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். எதிரில் கவிழ்த்த வாளி மேல் அஞ்சலாட்சி. நடுவில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி, திருகுகிற குமிழ், ஓடுகிற எண், சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும். ஒயர் முனையில் முதலை வாய் மாதிரி கிளிப். அது கவ்வியிருந்தது எங்கள் சைட் பேட்டரியை. மூன்று பல்லில் ரெண்டை மட்டும்தான் கவ்வியிருந்தது. மூன்றாவது பல் வெளுப்பாகப் பூசின மாதிரி இருந்தது.

அவள் இன்னொரு பேட்டரியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியை ஒற்றிப் பார்ப்பது மாதிரி.

"சூடு ஏறுதா?" என்றான்.

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா? டீ கிளாஸ் சூடா, சோத்துச் சட்டி சூடா?"

"டீ கிளாஸு."

"அப்ப இருக்கட்டும். சோத்துச் சட்டின்னா உடனே புடுங்கிடணும் அஞ்சல. நம்ம சார்ஜர் மாதிரி இதுக்குக் கண்ணு கிடையாது. நாமதான் கண்ணு. அசந்தா வெடிச்சுடும்."

"தெனமும் ரெண்டு மணி நேரம் இதுங்க கூடவே உக்காந்திருக்க வேண்டியதா இருக்கே."

"புள்ளத்தாச்சிக்குப் பக்கத்துல உக்கார்ற மாதிரிதான்."

அவள் சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று நான் எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடியவில்லை.

ஆக, இதுதான் அவன் வித்தை. சந்தனத்தைப் பூசி மூன்றாவது பல்லின் வாயை அடைத்துவிட்டால் அது கேள்வி கேட்காது. சார்ஜர் அதை ஏற்காது, வெளிக் கரண்ட் ஏறும். நசுங்கின விரலின் கதை எந்தப் பெட்டிக்கும் போகாது. பூஜையன்று எங்கள் பெண்கள் செய்த தப்பை எல்லோரும் சுரண்டி எறிந்தோம், இவன் ஒருத்தன் அதை எடுத்து வைத்துக்கொண்டான். அவன் பேட்டரிக்குக் காவல் இருக்கிறவள் என் பெண்டாட்டி. அது போதாதென்று காசு வேறு.

வித்தை என் மூளைக்கு எட்டவில்லையே என்பதா, அவள் கன்னம் அங்கே இருக்கிறதே என்பதா, எது அதிகம் எரிந்தது என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

காலையில் அமலதாஸிடம் போனேன்.

"புகார் குடுக்கணும்."

"யார் மேல?"

"இருசப்பன் மேல. வெளியில கரண்ட் ஏத்தறான்."

அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். "யோசிச்சுக்கங்கண்ணே. வாயால சொன்னா நான் காதுல வாங்காத மாதிரி இருந்துடலாம். எழுதிக் குடுத்தீங்கன்னா கம்பெனிக்குப் போயே ஆகணும். அந்தாளு பேரு இந்த சார்ஜர் இருக்கற எந்த சைட்லயும் ஏறாது. இந்த சார்ஜர் இல்லாத சைட்டு இப்ப ஏது?"

"காயிதம் குடுங்க."

எழுதினேன். நாலு வரிக்குக் கால் மணி ஆனது. கற்றுக்கொண்ட பிறகு நான் முழுசாக எழுதின முதல் காகிதம் அது. கீழே என் பேரைப் போடவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு, கழுத்தில் அட்டை. எல்லா பேட்டரியையும் முப்பத்தொன்றாம் மாடியில் ஒரு மேஜையில் அடுக்கச் சொன்னாள். ஒவ்வொன்றின் மூன்றாவது பல்லிலும் பஞ்சால் துடைத்து, பஞ்சை முகர்ந்து பார்த்தாள். நாங்கள் அறுபது பேர் சாப்பாட்டுக் கையோடு சுற்றி நின்றோம். என் காகிதம் மேஜை மூலையில், ஒரு ஸ்க்ரூ டப்பாவுக்கு அடியில் இருந்தது.

"நாற்பத்தொண்ணு, நாற்பத்திரண்டு" என்று எடுத்து வைத்தாள். இருசப்பனுடையது. கூட்டம் அவன் பக்கம் திரும்பியது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன்.

அவள் நிறுத்தவில்லை. இன்னும் ரெண்டை எடுத்து முகர்ந்தாள். "பதினேழு, பதினெட்டு. இதுவும் சந்தனம்."

பதினேழும் பதினெட்டும் என்னுடையவை.

"தப்பா இருக்கும்" என்றேன். "எனக்கு சார்ஜர்தான் ஏத்துது. அஞ்சு விளக்கு."

அமலதாஸ் கையிலிருந்த திரையைப் புரட்டினார். படிக்கத் தயங்கினார். அந்தப் பெண் வாங்கிப் படித்தாள். "பதினேழு, பதினெட்டு. எழுபத்தெட்டு வேலை நாளா சார்ஜர்ல வைக்கவே இல்ல. சார்ஜரைப் பொறுத்தவரைக்கும் நீங்க எழுபத்தெட்டு நாளா ஊருக்குப் போயிருக்கீங்க."

"அதுக்கு முன்னால?" என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேனோ.

"அதுக்கு முன்னால நாலு விளக்கு. கடைசியா வச்ச சாயந்திரம் ரெண்டுன்னு முடிவு பண்ணியிருக்கு, ஏத்தறதுக்குள்ள யாரோ எடுத்துட்டாங்க. வலது கையில நடுக்கம்னு இருக்கு."

அறுபது பேரும் கேட்டார்கள். நான் அஞ்சலாட்சியைத் தேடினேன். அவள் பட்டி வாளிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முதுகைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. நாற்பது ரூபாய் வீதம் எழுபத்தெட்டு தடவை. நேற்று அவள் கன்னத்தில் வைத்திருந்தது என்னுடைய பேட்டரி.

இருசப்பன் சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். மேஜையில் இருந்த நாலு பேட்டரியைப் பார்த்தான். ஸ்க்ரூ டப்பாவுக்கு அடியில் இருந்த காகிதத்தைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"நாலும் நான்தாம்மா" என்றான்.

"பதினேழு பதினெட்டு உங்களுது இல்லயே."

"ஆமா. ராத்திரியில வெளிவேலை கொஞ்சம் ஒத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு பேட்டரி பத்தல. அவங்க வீட்டம்மா கூடையில இருந்து தெனமும் எடுத்துக்குவேன். ஓட்டிட்டு, ஏத்தி, காலையில திரும்ப வச்சுடுவேன். திருட்டுதான். அவருக்கும் தெரியாது, அந்தம்மாவுக்கும் தெரியாது."

"எழுபத்தெட்டு நாளா?"

"பழகிப்போச்சு."

அந்தப் பெண் நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு ஆள் போதும், ரெண்டு ஆள் என்றால் ரெண்டு அறிக்கை எழுத வேண்டும். திரையில் ஏதோ தட்டி இருசப்பனிடம் நீட்டினாள். அவன் நசுங்கின கட்டைவிரலை அதில் அமுக்கினான். முதல் தடவை பதியவில்லை. திரும்ப அமுக்கினான்.

அன்று சாயந்திரம் நானே என் பேட்டரிகளைக் கீழே எடுத்துப் போனேன். பல்லைச் சுரண்டி, பெட்டியில் வைத்தேன். காலையில் ரெண்டு விளக்கு.

பதினோரு மணிக்கு மிஷின் நின்றது. மூட்டை மேல் உட்கார்ந்தேன். பச்சையப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கேலி எதுவும் பண்ணவில்லை. பண்ணியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் அஞ்சலாட்சியிடம் கேட்டேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எதை? நாலு விளக்குக்கே வாளியை ஒதச்ச. ரெண்டுன்னு சொல்லியிருந்தா என்னா பண்ணியிருப்ப? முப்பத்தொண்ணாம் மாடியில நின்னு வேலை செய்யற ஆளு நீ. நான் தெனமும் உன்னைப் பார்த்துக்கிட்டே இருக்க முடியுமா?"

"அதுக்கு அவன்கிட்ட போவியா?"

"வேற யாருக்கு அந்த வேலை தெரியும்?" அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பேசினாள், நிமிரவில்லை. "வேற சைட்டு ஆளுங்ககிட்ட அறுவது ரூபா வாங்கறாரு. எனக்கு நாப்பது. சும்மா ஏத்தித் தரேன்னுதான் சொன்னாரு, நான்தான் வேணாம்னேன். கடன்னா கடன்னு இருக்கட்டும், நாளைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுன்னு. சொல்றதுக்கு நீ காயிதத்தைத் தேடிப் போயிட்ட."

"நான்தான் எழுதினேன்னு யார் சொன்னா?"

அவள் சுளகைத் தட்டினாள்.

"அவன் பேர்ல உனக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"முடி" என்றாள். "சொல்ல வந்ததைச் சொல்லி முடி."

எனக்கு முடிக்கத் தைரியம் வரவில்லை. ஆனாலும் அந்த எரிச்சல் அடங்கவில்லை. அவள் தப்பு செய்யவில்லை என்று தெரிந்த பிறகு அடங்கும் என்று நினைத்தேன். ஒரு தப்பும் இல்லாமல் ஒருத்தன் என் பெண்டாட்டியிடம் இவ்வளவு நல்ல பேர் வாங்கிவிட்டானே என்று இன்னும் கூடுதலாக எரிந்தது. மூன்று மாசமாக என் கை நடுங்குவது அவர்கள் ரெண்டு பேருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. நான் ஐந்து ஐந்து என்று பீற்றிக்கொண்டபோதெல்லாம் அவன் டீயை ஆற்றிக்கொண்டு வாயை மூடியிருந்திருக்கிறான். அவனை 'ரெண்டு' என்று கூப்பிட்டபோதும்.

பொங்கல் கழிந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பணத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். ஆறு ஐந்நூறு, ஒரு நூறு, ஒரு இருபது. கொடுத்துவிட்டால் அவனுக்கும் எங்களுக்கும் ஒன்றும் இல்லை. அதற்காகவே வாரம் முழுக்க டீ குடிக்கவில்லை, மிச்சத்துக்குக் கால் சவரன் தோட்டை அடகு வைத்தேன்.

இருசப்பன் ஒரு ஈ-ஆட்டோவுக்குக் கீழே படுத்திருந்தான். வெளியே வந்து கையைத் துடைத்தான். கொட்டகைக்காரன் அவனை நாள் கூலிக்கு வைத்துக்கொண்டிருக்கிறானாம். சைட்டில் கிடைத்ததில் பாதிகூட வராது.

பணத்தை நீட்டினேன்.

"என்னாது?"

"எழுபத்தெட்டு தடவை. நாப்பது ரூபா வீதம்."

"யாரோட பேட்டரிக்கு?"

"என்னோடதுக்கு."

"உன்னுதை நான் திருடினேன்ல" என்றான் சாதாரணமாக. "கம்பெனில கைநாட்டு வச்சிருக்கேன். திருடினவனுக்குக் கூலி குடுப்பியா நீ?"

"வெளையாடாத. வாங்கிக்க."

"வாங்கினா நான் சொன்னது பொய்னு ஆயிடும். இங்க வந்து போறவனெல்லாம் நம்ம சைட்டு ஆளுங்க. எவனாவது பார்த்துட்டு அமலதாஸு காதுல போட்டான்னா உனக்கு இருக்கற ரெண்டும் போயிடும். உள்ள வை."

"நான் ஒண்ணும் உன்கிட்ட பிச்ச கேக்கல."

"நானும் போடல."

அவன் கேட்க மாட்டானா என்று இருந்தது. யார் எழுதினது என்று கேட்டு, சட்டையைப் பிடித்து ஒரு அறை விட்டால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். அவன் கேட்கவில்லை. நானே கேட்டேன்.

"எழுதினது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"காயிதம் மேஜை மேலதான இருந்துச்சு. நம்ம ஆளுங்கள்ல எவன் பேனா புடிக்கறான்?"

"தெரிஞ்சும் நாலும் நான்தான்னு ஏன் சொன்ன?"

"அஞ்சலைகிட்ட ஒத்துக்கிட்ட வேலை. எதுவா இருந்தாலும் அவரு தலையில விழாமப் பார்த்துக்கறேன்னு சொல்லித்தான் முதல் பேட்டரியைக் கையில வாங்கினேன். உனக்காக ஒண்ணும் இல்ல."

போனை எடுத்தான். என் முகத்துக்கு நேராகப் பிடித்தான். "உனக்குத்தான் படிக்கத் தெரியுமே, பார்த்துக்க." 3120 என்று இருந்த வரியில் கட்டைவிரலை வைத்து அமுக்கினான். மூன்றாவது அமுக்கலில் அது போனது. "தீர்ந்துது. போ. நான் இதுங்களைச் சூடு பார்க்கணும்."

பணத்தோடு திரும்பி நடந்தேன். சட்டைப் பையில் அது கனத்தது.

அஞ்சலாட்சி வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். "குடுத்துட்டியா?" என்றாள்.

"குடுத்துட்டேன்."

"வாங்கிக்கிட்டாரா?"

வாங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். தள்ளிவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தை இன்னொரு தடவை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"வாங்கிக்கிட்டான்" என்றேன். "ரெண்டு தடவை எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினான்."

அவள் பிழிவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது. "சரி, கடன் தீர்ந்துதுல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

தீர்ந்தது என்றேன்.